புயல் வாரத்தில் வார்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

சென்னை மாநகராட்சியில் புதிதாக உதவிப் பொறியாளராகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஐப்பசி பிறந்தால் தூக்கம் கெடுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. இன்னும் சில வாரங்களில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று நுங்கம்பாக்கம் வானிலை மையத்திலிருந்து அறிக்கை வரும். ரிப்பன் மாளிகையில் ஆய்வுக் கூட்டம் நடக்கும். எத்தனை படகு, எத்தனை மோட்டார், எத்தனை முகாம் என்று செய்தியாளர்களுக்குப் பட்டியல் கொடுப்பார்கள். அந்தப் பட்டியலில் உள்ளதெல்லாம் கடைசியில் உங்கள் வார்டில், உங்கள் தெருமுனையில்தான் வந்து நிற்க வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. புயல் எப்போது கரையைக் கடக்கும் என்று ஊரே கேட்கும். நீங்கள் கேட்க வேண்டியது, நம் ஆட்கள் தெருவில் நின்று வேலை செய்ய முடியாமல் போகிற நேரம் எது என்பது. வானிலை மையம் மோசமான வானிலை தொடங்க 48 மணி நேரம் இருக்கும்போது ஓர் எச்சரிக்கையும், 24 மணி நேரம் இருக்கும்போது அடுத்ததும் தரும். 48 மணி நேரம் என்றதும் இரண்டு நாள் இருக்கிறது என்று தோன்றும். அதில் இரண்டு இரவைக் கழியுங்கள். ஆளும் வண்டியும் திரட்ட அரை நாள் போகும். புயல் கரைக்கு வருவதற்குப் பல மணி நேரம் முன்பே காற்று ஏறிவிடும், அதையும் கழியுங்கள். மிஞ்சுவது ஒரு பகல். காற்று மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டினால் ஏணியில் ஆள் ஏற்றக்கூடாது, ரம்பத்தைக் கையில் கொடுக்கக்கூடாது, கிரேனை நிமிர்த்தக்கூடாது. ஆகவே காற்றில் செய்ய முடியாத வேலைகளையே அந்த ஒரு பகலில் முதலில் முடியுங்கள்: முறிந்து தொங்கும் கிளை, ஆடுகிற விளம்பரப் பலகை, கட்டுமான இடத்துத் தகரம், குப்பத்து மக்களை நகர்த்துவது, மோட்டாரைப் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பது. தூர் வாருவது அந்தப் பகலுக்கான வேலை அல்ல. செப்டம்பரிலேயே அது முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்றால் கடைசி நாளில் வாரி எடுத்த வண்டலைச் சாலையோரம் குவித்துவிட்டுப் போகாதீர்கள். முதல் மழையிலேயே அது திரும்ப வடிகாலுக்குள் போய்விடும்.

2. புயலில் இரண்டு வகை என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன். வானிலைக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை. ஒன்று காற்றுப் புயல், இன்னொன்று தண்ணீர்ப் புயல்.

2016 டிசம்பர் 12-இல் வந்த வர்தா காற்றுப் புயல். சென்னைக்கு நேராக வந்து ஏறியது, ஒரே பகலில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது, மின்கம்பங்களை மடக்கியது, போய்விட்டது. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் சென்னையைத் தொடவே இல்லை. 5-ஆம் தேதி ஆந்திரத்தில் பாபட்லா அருகே கரையேறியது. ஆனால் அதற்கு முன் நம் கடற்கரையை ஒட்டி ஆமை வேகத்தில் நகர்ந்தபடி, 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. விமான நிலையத்தையே மூடினார்கள். ‘நமக்கு வராது, ஆந்திராவுக்குப் போகிறது’ என்ற பேச்சை அந்த வாரம் கேட்காதவர் கிடையாது.

எனவே அறிக்கையில் கரையைக் கடக்கும் இடத்தோடு நிறுத்தாமல் நகரும் வேகத்தைப் பாருங்கள். ஆறு மணி நேரம் முன்பு மணிக்கு 15 கிலோமீட்டர் என்றிருந்தது, இப்போது 7 என்றால், ரம்பத்தைவிட மோட்டார் முக்கியமாகிவிட்டது என்று பொருள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஏறிய ஃபெஞ்சல், ஏறிய பிறகும் நகராமல் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கரையைக் கடந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னதும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

3. நமக்குத் தெற்கே ஏறுகிறதா, வடக்கே ஏறுகிறதா என்பதும் முக்கியம். நம் பக்கத்துப் புயலில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும். மாமல்லபுரம் பக்கம் ஏறினால் சென்னைக் கரையில் காற்று கடலிலிருந்து ஊரைப் பார்த்து அடிக்கும். அலையும் சேர்ந்து ஏறும். 2012-இல் நீலம் அப்படித்தான் ஏறியது, பெசன்ட் நகர்க் கடற்கரையோரம் ஒரு கப்பலே வந்து தரைதட்டி நின்றது. 2022-இல் மாண்டஸ், மாற்றுத்திறனாளிகளுக்காக மெரினாவில் திறந்து இரண்டு வாரம்கூட ஆகாத மரப்பாதையை உடைத்தது. தெற்கே என்றால் பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம், காசிமேடு, எண்ணூர் கரைகளுக்கு முதலில் ஆள் போக வேண்டும். வடக்கே ஏறினால் தொடக்கத்தில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். கரையோரத்தைவிட உள் வார்டுகளில் மழையைக் கவனியுங்கள்.

4. ஒரு கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1 கோடி லிட்டர். நம் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர். 20 சென்டிமீட்டர் பெய்தால் 8,500 கோடி லிட்டருக்கு மேல், ஏரிக் கணக்கில் 3 டி.எம்.சி. செம்பரம்பாக்கம் ஏரி முழுதாக நிரம்பினால் 3.645 டி.எம்.சி. அதாவது கிட்டத்தட்ட ஓர் ஏரியைத் தெருக்களில் கொட்டுகிறது வானம். ‘ஏன் சார், பெரிய மோட்டார் போட்டு இறைக்கக் கூடாதா?’ என்று கேட்கிறவருக்குக் கோபப்படாமல் இதைச் சொல்லுங்கள். தண்ணீர் சரிவில்தான் போக வேண்டும். கூவத்துக்கோ அடையாற்றுக்கோ கொசஸ்தலையாற்றுக்கோ போய், முகத்துவாரம் வழியாகக் கடலில் சேர வேண்டும். கடல் ஏற்றத்தில் இருக்கும்போது, அதிலும் புயல் காற்று அலையை உள்ளே தள்ளும்போது, முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வந்தால் இன்னும் மோசம். ஏற்ற நேரம் என்ன என்று முதல் நாளே எழுதி வைத்துக்கொண்டால், ‘இரண்டு மணிக்கு மேல் வடியத் தொடங்கும்’ என்று தெருக்காரரிடம் சொல்ல முடியும். பொத்தாம்பொதுவாக ‘நடவடிக்கை எடுக்கிறோம்’ என்பதைவிட அந்த ஒரு வாக்கியத்துக்கு மரியாதை அதிகம்.

5. உங்கள் வார்டில் தேங்கும் ஒவ்வொரு இடத்துக்கும், அந்தத் தண்ணீர் கால்வாயில் போய் விழும் வாயைக் காலால் நடந்து கண்டுபிடியுங்கள். வெயில் நாளில் போங்கள். வரைபடத்தில் இருக்கும் வடிகால் தரையில் இருக்காது. தரையில் இருப்பது வரைபடத்தில் இருக்காது. மழைநீர் வடிகால் நம்முடையது. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்தினுடையது. ஆறும் பக்கிங்காம் கால்வாயும் நீர்வளத் துறை. சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறை. தண்டவாளத்துக்கு அடியில் போகிற குழாய் ரயில்வே. இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் அம்மாவுக்கு இந்தப் பாகப்பிரிவினை எதற்கு? உங்களுக்கு வேண்டும். அடைப்பு யாருடைய எல்லையில் இருக்கிறதோ அந்தத் துறையில் உங்களுக்குச் சமமான பதவியில் இருப்பவரின் கைபேசி எண் உங்களிடம் இருக்க வேண்டும். அக்டோபரில் ஒரு டீ குடித்துப் பழகி வையுங்கள். நள்ளிரவில் கடிதப் போக்குவரத்து நடக்காது.

6. மோட்டார் பம்ப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் பணமும் நேரமும் அதிகமாக வீணாகிறது. வாடகைக்கு வந்த மோட்டாரை இறக்கியதும் கையெழுத்துப் போடாதீர்கள். ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உறிஞ்சு குழாயை வளைத்துப் பாருங்கள், உள்பக்க ரப்பர் உரிந்திருந்தால் ஓடும்போது உள்ளே மடிந்து அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, சத்தம் மட்டும் மாறும். குழாய் முனையில் உள்ள சல்லடைக் கூடை இருக்கிறதா, அதன் வால்வு தண்ணீரைப் பிடித்து வைக்கிறதா பாருங்கள். ஓடத் தொடங்கிய பிறகு அந்தக் கூடையில் பால் கவரும் இலையும் சுற்றிக்கொண்டே இருக்கும். அரை மணிக்கு ஒரு முறை கையால் எடுத்துவிட ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாத மோட்டார் டீசல் குடிக்குமே தவிர தண்ணீர் குடிக்காது.

அதைவிட முக்கியம், இறைத்த தண்ணீர் எங்கே போகிறது என்பது. பக்கத்து மேன்ஹோலில் குழாயை விட்டுவிட்டு மோட்டார் மும்முரமாக ஓடும். அந்த வடிகால் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். இங்கே விட்ட தண்ணீர் ஐம்பதடி தள்ளி வண்டல் தொட்டி வழியாக மேலே வந்து, அதே தெருவில் நடந்து, அதே மோட்டாருக்கு வந்து சேரும். இரவு முழுக்க இப்படி ஒரே தண்ணீரைச் சுற்றவிட்டிருக்கும் தெருக்களைப் பார்த்திருக்கிறேன். வெளியேற்றும் குழாயின் நீளம் கால்வாய் வரை எட்டுகிறதா என்பதைக் கேட்டுவிட்டு மோட்டாரைக் கேளுங்கள்.

இன்னொன்று. தண்ணீர் வடியட்டும் என்று தெருக்காரர்களே கழிவுநீர் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவார்கள். கீழ்த்தெருவில் கழிவறை வழியாகச் சாக்கடை வீட்டுக்குள் ஏறும். திறந்த குழி தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது. திறந்திருப்பதைக் கண்டால் மூடுங்கள், மூட முடியாவிட்டால் ஒரு கம்பும் சிவப்புத் துணியும் நட்டுவிட்டு நகருங்கள்.

7. சுரங்கப்பாதையில் தண்ணீர் முழங்காலுக்கு வந்த பிறகு அடைப்பது அடைப்பதே அல்ல. கணேசபுரம், அரங்கநாதன், துரைசாமி, எதுவானாலும் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் இருபுறமும் தடுப்பு, இருபுறமும் ஆள். தடுப்பு மட்டும் இருந்தால் அதை நகர்த்திவிட்டுப் போகிறவர்கள் நம்மூரில் உண்டு.

8. மரம். கிளை கழிப்பது ஆடியிலேயே முடிக்க வேண்டிய வேலை. புயல் வாரத்தில் வார்டு முழுக்கக் கழிக்கப் போனால் வெட்டிய கிளைகளை அள்ள வண்டி இருக்காது. காற்று வந்ததும் அவையே பறந்து மின்கம்பியில் விழும். அந்த ஒரு பகலில் பார்க்க வேண்டிய மரங்கள் எவை என்று முன்பே குறித்து வையுங்கள். என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியபோது ஒரு பக்க வேர் அறுபட்ட மரம். பார்க்கப் பச்சையாக, நன்றாகத்தான் இருக்கும். சுற்றிலும் சிமென்ட் போட்டு மூச்சு முட்டிய மரம் அடுத்தது. குல்மொஹர், தூங்குமூஞ்சி போன்றவை பரந்த தலையும் ஆழமில்லாத வேருமாக நிற்பவை. வர்தாவில் அவை விழுந்த விதத்தைப் பழைய ஆட்களிடம் கேளுங்கள். வேம்பும் புங்கையும் அவற்றைவிடத் தாங்கின. நடும்போதும் அதை நினைவில் வையுங்கள்.

பவர் சா ஓராண்டு கிடங்கில் கிடந்திருக்கும். உள்ளே தேங்கிய பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசின் மாதிரி ஆகியிருக்கும், இழுத்தால் கிளம்பாது. எச்சரிக்கை வரும் முன்பே எல்லாவற்றையும் ஒருமுறை கிளப்பிப் பாருங்கள். உபரிச் சங்கிலி, எண்ணெய் கலந்த பெட்ரோல் இரண்டும் வண்டியிலேயே இருக்கட்டும்.

விழுந்த பிறகு ஒரு மரத்தை முழுதாக வெட்டி அடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒரு வண்டி போகிற அகலத்துக்கு அறுத்து ஒதுக்கிவிட்டு நகருங்கள். மருத்துவமனைக்குப் போகும் சாலை முதலில், துணைமின் நிலையத்துக்குப் போகும் சாலை அடுத்து. அமைச்சர் வருகிற சாலை தானாகவே சுத்தமாகிவிடும், அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

9. கம்பி மேல் விழுந்த மரத்தில், மின்வாரியத்துக்காரர் வந்து இணைப்பைத் துண்டித்ததாகச் சொல்லும் வரை யாரும் கை வைக்கக்கூடாது. பில்லர் பாக்ஸ் நிற்கும் தண்ணீரிலும் அப்படியே. ‘தெருவில் கரண்ட் இல்லை சார்’ என்பது உத்தரவாதம் ஆகாது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்து பின்வழியாக மின்சாரம் ஏறலாம்.

10. மக்களை அப்புறப்படுத்துவது பற்றி. 2005 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கத்ரீனா புயல் தாக்கியது. எல்லோரும் கட்டாயம் வெளியேற வேண்டும் என்று மேயர் உத்தரவிட்டது முந்தைய நாள் காலையில்தான். கார் இருந்தவர்கள் போனார்கள், இல்லாதவர்கள் தங்கிவிட்டார்கள். அவர்களை ஏற்றிச் சென்றிருக்க வேண்டிய பேருந்துகள் நிறுத்திய இடத்திலேயே வெள்ளத்தில் நின்றன. அதைப் பார்த்து அரண்ட ஹூஸ்டன் நகரம் அடுத்த மாதம் ரீட்டா புயல் வந்தபோது ஒரேயடியாகக் கிளம்பியது. லட்சக்கணக்கான கார்கள் நெடுஞ்சாலையில் வெயிலில் மணிக்கணக்காக நின்றன. சுமார் 100 பேர் இறந்தது புயலில் அல்ல, அந்தப் பயணத்தில். முதியோர் இல்லத்திலிருந்து கிளம்பிய ஒரு பேருந்து தீப்பிடித்ததில் மட்டும் 23 பேர்.

சென்னையைக் காலி செய்ய முடியாது, தேவையும் இல்லை. கடலோரக் குப்பம், ஆற்றங்கரைக் குடிசை, தரைத்தளம் முங்குகிற தெரு, இவ்வளவுதான். நகர்த்த வேண்டிய தூரமும் அரைக் கிலோமீட்டர், சில சமயம் ஒரு மாடிப்படி. ஆனால் யாரும் கிளம்ப மாட்டார்கள். மீனவருக்குப் படகும் வலையும் எஞ்சினும் கரையில் கிடக்கின்றன. அதைவிட்டு எப்படி வருவார்? ஒலிபெருக்கியில் கத்தாமல் முதல் நாளே குப்பத்துப் பஞ்சாயத்தாரைப் பாருங்கள். படகுகளை மேட்டுக்கு இழுக்க டிராக்டரோ கிரேனோ ஏற்பாடு செய்து கொடுங்கள். படகு ஏறிவிட்டால் மனிதர் தானே வருவார். 2015 வெள்ளத்தில் இந்த நகரத்து மாடிகளிலிருந்து ஆட்களை இறக்கியவர்களில் மீனவர்களும் உண்டு. அந்த மரியாதையோடு பேசுங்கள். குடிசைக்காரருக்குத் திருட்டுப் பயம். இரவில் ஒரு காவலர் சுற்றி வருவார் என்று சொல்ல முடிந்தால் பாதிப் பேர் கிளம்புவார்கள். நிறைமாதக் கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் யார் என்ற பட்டியல் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் கிடைக்கும். அவர்களை எல்லோருக்கும் முன்னதாக, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே நகர்த்துங்கள்.

11. முகாமுக்கு ஒதுக்கிய பள்ளியின் சாவி யாரிடம்? ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் எங்கே இருப்பார்? கழிவறையில் தண்ணீர் வருகிறதா, உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? சாப்பாடு அம்மா உணவகத்திலிருந்தோ வேறெங்கிருந்தோ எப்படியும் வந்துவிடும். பெண்கள் முகாமைவிட்டுத் திரும்பிப் போவது அந்தத் தாழ்ப்பாள் இல்லாததால்தான்.

12. தூய்மைப் பணியாளர்களும் தாழ்வான பகுதியில்தான் வசிக்கிறார்கள். நீங்கள் அழைக்கிற அதே நேரத்தில் அவர்கள் வீட்டிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். முதல் நாள் மதியம் இரண்டு மணி நேரம் விடுங்கள். ரேஷன் கார்டும் பிள்ளைகளும் மேட்டுக்குப் போகட்டும். மாலையில் நிம்மதியாக வருவார்கள். கம்பூட்டும் மழைக்கோட்டும் அளவு பார்த்து வாங்குங்கள், பெண்களுக்குப் பத்தாம் எண் கம்பூட்டைக் கொடுத்துவிட்டுக் கணக்கு முடிக்கிற வேலை வேண்டாம். சூடான சாப்பாடு, உலர்ந்த இடம், மாற்று ஆள். எவ்வளவு அவசரமானாலும், யார் தொலைபேசியில் கத்தினாலும், குழிக்குள் ஆளை இறக்கக்கூடாது. அதைத் தடுக்க 2013-இல் வந்த சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கூடாது.

13. வர்தா நாளில் கைபேசிக் கோபுரங்கள் படுத்துவிட்டன. பணமதிப்பு நீக்கம் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, ஏ.டி.எம்.மில் பணம் இல்லை, கார்டு தேய்க்க மின்சாரம் இல்லை. பங்கில் டீசல் இருந்தாலும் ஏற்றித் தர முடியாது. ஆகவே எண்களைத் தாளில் எழுதி பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். சில்லறை நோட்டாகக் கொஞ்சம் பணம். எல்லா வண்டிக்கும் மோட்டாருக்கும் முதல் நாளே டீசல். வயர்லெஸ் பேசத் தெரிந்த ஓர் ஆள் பக்கத்திலேயே.

14. மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு வரும் அழைப்பில் எதையும் சிரித்துத் தள்ளாதீர்கள். 2015-இல் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஊரெல்லாம் வதந்தி, பொய். 2023-இல் பெருங்களத்தூர் பக்கம் ஒரு முதலை உண்மையிலேயே சாலையைக் கடந்து போனது. காரில் போனவர் படமெடுத்து வைத்திருந்ததால் நம்பினார்கள். போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

15. காற்று திடீரென்று நின்று வெளிச்சம் வந்தால் ஆட்களை வெளியே அனுப்பாதீர்கள். வர்தாவின் கண் சென்னை மேல் கடந்தபோது அப்படித்தான் நின்றது. பிறகு எதிர்த் திசையிலிருந்து அடித்தது. முதல் அடியில் ஒரு பக்கம் சாய்ந்து தளர்ந்த மரத்தை மறுபக்கத்துக் காற்று பிடுங்கும். வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வருகிறவர்களையும் உள்ளே அனுப்புங்கள்.

16. மோட்டாரை முதலில் எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்ற வரிசையை அக்டோபரிலேயே எழுதி, மண்டல அலுவலரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். புயல் இரவில் எல்லா அழைப்பும் பெரிய இடத்து அழைப்பாகத்தான் இருக்கும். காகிதத்தைக் காட்டிப் பேசலாம்.

17. மோட்டார், ஜேசிபி, படகு, எது வந்தாலும் வந்த நேரம், ஓடிய மணி, நின்ற நேரம், ஊற்றிய டீசல் ஆகியவற்றை அன்றன்றே லாக் புக்கில் எழுதி, ஓட்டியவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். புயல் மறந்துபோன பிறகு தணிக்கைக்காரர் வருவார். ‘ஒரே நாளில் இந்த மோட்டார் 26 மணி நேரம் ஓடியிருக்கிறதே’ என்று அவர் கேட்கும்போது ஒப்பந்ததாரர் ஊரில் இருக்க மாட்டார். பங்கில் தருகிற டீசல் ரசீது ஆறு மாதத்தில் வெளுத்து வெற்றுத் தாளாகிவிடும். அன்றைக்கே நகல் எடுத்து லாக் புக்கில் ஒட்டிவிடுங்கள்.